இணுவில் வீதியும் இரண்டு மருத்துவச்சிகளும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் கொக்குவில், தாவடி கழிந்து இணுவில் வரும். இரண்டு பக்கமும் செம்மண். புகையிலை, வெங்காயம், மரக்கறி என்று தோட்டக்காணி சும்மா கிடக்காமல் மாறி மாறி விளையும் ஊர். கந்தசுவாமி கோயிலும் அதன் மஞ்சமும், பரராசசேகரப் பிள்ளையார் கோயிலும், நாதஸ்வரமும் தவிலும் பரம்பரை பரம்பரையாக வாசித்த குடும்பங்களும் இந்த ஊருக்குப் பெயர் தேடிக் கொடுத்தன. ஊருக்குள்ளால் ரயில் பாதை போகிறது. 1990 இல் நின்றுபோன ரயில் 2015 ஜனவரியில்தான் மறுபடி காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட இருபத்துநான்கு வருடங்களில் தண்டவாளம் இருந்த இடமே தெரியாமல் பற்றை மூடியிருந்ததை எங்களில் பலர் கண்டிருக்கிறோம்.

ஆனால் வலிகாமத்துப் பெண்களிடம் இணுவில் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "நான் இணுவில் ஆஸ்பத்திரியிலை பிறந்தனான்" என்றோ, "என்ரை மூத்தவன் அங்கைதான் பிறந்தவன்" என்றோ சொல்லும் அம்மாமார் நிறையப் பேர். அந்த ஆஸ்பத்திரிதான் மக்லியொட் வைத்தியசாலை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று 1898 இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஆண் வைத்தியர் முன்னால் போய் நிற்பதற்குப் பெண்கள் கூசினார்கள். வீட்டுக்காரர்களும் விடமாட்டார்கள். பிள்ளைப்பேற்றில் தாயும் பிள்ளையும் சாவது வீட்டுக்கு வீடு கேள்விப்படும் செய்தியாக இருந்தது. 1880 இல் அமெரிக்காவிலிருந்து வந்த மேரி லீச், மார்கிரட் லீச் என்ற சகோதரிகள் இருவர், பெண்களுக்குப் பெண் வைத்தியர் வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பணம் சேர்த்தார்கள். டொக்டர் இசபெல்லா கர் என்ற பெண்மணி நீண்ட காலம் இங்கே வைத்தியராக இருந்தார். எங்கள் பெண்கள் இங்கே தாதிமாராகப் பயிற்சி பெற்றார்கள்.

பிள்ளை பிறக்க வைக்கும் இடம் என்பதாலேயே இந்த மாதம் இணுவிலை எடுத்துக்கொண்டேன். நாங்கள் பேசப்போகும் விஷயம் ஒரு பிரசவ அறையில்தான் தொடங்குகிறது.

குழுவில் எழுந்த கேள்வி

வேலை நிமித்தமாக இந்தப் பக்கத்துப் பெண்கள் குழுக்களுக்கு நான் மாதாமாதம் போகிறேன். சீட்டுக் கணக்கும் கடன் கணக்கும் முடிந்த பிறகு கதை வேறு பக்கம் போகும். இணுவிலில் பிறந்து வளர்ந்தவர்களும் இருப்பார்கள். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்து, வாடகை வளவிலும் உறவினர் வளவிலும் இருந்து இருந்து இங்கேயே தங்கிவிட்டவர்களும் இருப்பார்கள். சைவரும் இருப்பார்கள், வேதக்காரரும் இருப்பார்கள்.

ஒரு முறை ஒரு அம்மா கேட்டார். அவருடைய மகன் 2009 இல் காணாமற்போனவர். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்துக்குப் போய்வருகிறவர். "பிள்ளை, எங்கடை சபையிலை ஒருத்தர் சொல்லுறார், அதிகாரத்திலை இருக்கிறவைக்குக் கீழ்ப்படிய வேணும் எண்டு வேதத்திலை எழுதியிருக்காம். ரோட்டிலை படம் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது பாவமாம். உண்மையே?"

பக்கத்தில் இருந்த சைவப் பெண் ஒருவர் சொன்னார்: "எங்களுக்கும் உப்பிடித்தான் சொல்லுகினம். விதி எண்டு பொறுத்துக்கொள்ளட்டாம்."

இரண்டு பேருக்கும் கிடைத்த புத்தி ஒன்றுதான்: பேசாமல் இரு. அந்த அம்மாவுக்கு இது வெறும் வாதம் இல்லை. போராட்டத்துக்குப் போனால் சபையில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். போகாவிட்டால் மகனை விட்டுவிட்டதாக மனம் குத்தும். ஆகையால் இந்தக் கேள்விக்கு ஆறுதல் வார்த்தை சொல்லிக் கடந்து போக முடியாது.

சிப்பிராளும் பூவாளும்

வேதாகமத்தின் இரண்டாவது புத்தகமான யாத்திராகமம் தொடங்கிய உடனேயே இரண்டு பெண்கள் வருகிறார்கள். சிப்பிராள், பூவாள். இருவரும் மருத்துவச்சிகள். எகிப்து நாட்டில் எபிரெய மக்கள் அடிமைகளாக இருந்த காலம். அவர்கள் பெருகுகிறார்கள் என்று பார்வோன் மன்னனுக்குப் பயம். எபிரெயப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தால் அங்கேயே கொன்றுவிடுங்கள், பெண் குழந்தையை விடுங்கள் என்று அந்த இருவருக்கும் கட்டளை போடுகிறான்.

அவர்கள் கடவுளுக்குப் பயந்தார்கள், ஆகவே அரசன் சொன்னதைச் செய்யவில்லை என்று அந்த அதிகாரம் சொல்கிறது. அரசன் கூப்பிட்டு விசாரித்தபோது, எபிரெயப் பெண்கள் பலமுள்ளவர்கள், நாங்கள் போய்ச் சேர முன்னமே பெற்றுவிடுகிறார்கள் என்று பதில் சொன்னார்கள். அது பொய்யா, புத்தியா என்று வேத சாத்திரிகள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். ஆனால் கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்பதில் வாதமில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெரிய மன்னனின் பெயரை யாத்திராகமம் சொல்லவே இல்லை. பார்வோன் என்பது பதவிப் பெயர். மருத்துவச்சிகள் இருவருடைய பெயரையும் சொல்லி வைத்திருக்கிறது. அவர்கள் ஒருவரையும் அடிக்கவில்லை, அரண்மனைக்கு நெருப்பு வைக்கவில்லை. தங்கள் தொழிலை, உயிர் காக்கும் தொழிலை, ஒழுங்காகச் செய்துகொண்டே இருந்தார்கள். அநியாயமான கட்டளை ஒன்றுக்கு மட்டும் கை கொடுக்க மறுத்தார்கள். இன்று ஒத்துழையாமை என்று நாங்கள் சொல்வதன் ஆரம்பங்களில் இதுவும் ஒன்று.

கீழ்ப்படிதல் பற்றி பவுல் எழுதியது

அந்த அம்மாவுக்குச் சொல்லப்பட்ட வசனம் ரோமர் நிருபத்தின் 13 ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆளும் அதிகாரத்துக்கு அடங்கியிருக்க வேண்டும், அது கடவுளால் ஏற்பட்டது என்று பவுல் எழுதுகிறார். இது உண்மைதான். மறைக்கத் தேவையில்லை. ஆனால் முழுவதையும் வாசிக்க வேண்டும். அதிகாரி எதற்காக இருக்கிறார் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. நன்மை செய்கிறவனுக்குத் துணையாகவும் தீமை செய்கிறவனைத் தண்டிக்கவும் இருக்கிறார். அந்த வேலையைத் தலைகீழாகச் செய்யும்போது என்ன செய்வது என்ற கேள்வி அங்கே திறந்தே கிடக்கிறது.

பவுல் தானே என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பிலிப்பி பட்டணத்தில் அவரையும் சீலாவையும் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் இரகசியமாகப் போகவிடப் பார்த்தார்கள். பவுல் போகவில்லை. நாங்கள் ரோமக் குடிமக்கள், விசாரிக்காமல் பகிரங்கமாக அடித்தவர்கள் இப்போது களவாக அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று இருந்துவிட்டார். அதிகாரிகள் வந்து தயவாய்ப் பேசித்தான் அவரை அனுப்பினார்கள். சட்டத்தை மதித்தவர்தான் அந்தச் சட்டம் தனக்குத் தந்த உரிமையைக் கேட்டார்.

பேதுருவையும் மற்றவர்களையும் பேச வேண்டாம் என்று ஆலோசனைச் சங்கம் தடுத்தபோது, மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிவதே முதல் கடமை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அடி வாங்கினார்கள். அடித்தவர்களை அடிக்கவும் இல்லை, பேசுவதை நிறுத்தவும் இல்லை.

இயேசு கைதான இரவில் இதே பேதுரு வாளை உருவி மல்கூஸ் என்ற வேலைக்காரனின் காதை வெட்டினார். இயேசு அந்தக் காதைச் சுகமாக்கி, வாளை உறையில் போடச் சொன்னார். அதே இரவில் விசாரணையின்போது ஒரு சேவகன் இயேசுவைக் கன்னத்தில் அறைந்தான். நான் பிழையாகப் பேசியிருந்தால் எது பிழை என்று காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று இயேசு கேட்டார். மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர், அநியாயத்தைப் பார்த்து வாய்மூடி இருக்கச் சொல்லவில்லை. கையை ஓங்கவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை. மரியாதையான எதிர்ப்பு என்றால் இதுதான் என்று அந்த அம்மாவுக்குச் சொன்னேன்.

இந்த வீதி கண்டவை

இதெல்லாம் எங்கேயோ தூர தேசத்துக் கதை என்று நினைக்கத் தேவையில்லை. இணுவிலைச் சுற்றி ஒரு நடை போனாலே போதும்.

மேற்கே பக்கத்து ஊர் உடுவில். 1824 இல் தொடங்கிய மகளிர் கல்லூரி அங்கே இருக்கிறது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில் பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பித்த பாடசாலை. வடக்கே மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் தொடங்கிய சைவ மகளிர் கல்லூரி. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது இந்த இரண்டு பாடசாலைகளிலும் பேசினார். அவரை அழைத்தது யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ். பிறகு வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது இதுதான். அதன் தலைமைக்காரர்களில் முக்கியமானவர் ஹண்டி பேரின்பநாயகம். மானிப்பாயில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்து, பின்னர் எங்கள் பக்கத்துக் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கே அதிபராக இருந்தவர். கிறிஸ்தவர் ஒருவரை இந்துக் கல்லூரி தலைமையில் வைத்திருந்த ஊர் இது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அந்த வாலிபர் காங்கிரஸ் 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. டொனமூர் அரசியல் திட்டம் முழுச் சுயராச்சியம் தரவில்லை என்பது அவர்கள் வாதம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப்பத்திரம் கொடுக்கவில்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அது கெட்டித்தனமா, நட்டமா என்று சரித்திர ஆசிரியர்கள் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். எதிர்ப்பு நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, பலனையும் கணக்குப் பார்க்க வேண்டும் என்று அதிலிருந்து நாங்கள் படிக்கலாம்.

அவர்களுடைய வேறொரு வேலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அப்போது பாடசாலைகளில், மிஷன் பாடசாலைகளிலும்கூட, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு வாங்கு. சம ஆசனம் கொடு, சம போசனம் கொடு என்று வாலிபர் காங்கிரஸ் கேட்டது. 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் சம ஆசனம் நடைமுறைக்கு வந்தபோது சில பாடசாலைகளுக்கு நெருப்பு வைக்கப்பட்டது. கிறிஸ்தவர்கள் எதிர்ப்புக் காட்ட வேண்டிய இடம் அரசாங்கம் மட்டுமல்ல, தங்கள் சொந்த வளவும்தான் என்று அந்த வாலிபர்கள் காட்டினார்கள்.

வடக்கே இன்னும் போனால் தெல்லிப்பழை. 1898 இல் மலாயாவில் பிறந்து இங்கே வளர்ந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் கிறிஸ்தவர். அவர் தலைமையில் சமஷ்டிக் கட்சி 1956 ஜூன் 5 இல் காலிமுகத்திடலில் சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தது. காடையர் அடித்தார்கள். இருந்தவர்கள் திருப்பி அடிக்கவில்லை. 1961 பெப்ரவரி 20 இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏறக்குறைய எட்டு வாரம். பெண்களும் வந்து இருந்தார்கள். ஏப்ரல் 14 இல் கட்சி தானே ஒரு தபால் சேவையைத் தொடங்கி முத்திரை விற்றது. தபால் சேவை அரசாங்கத்துக்கு மட்டுமே உரியது என்பது சட்டம். ஒளித்துச் செய்யாமல், பகலில், எல்லோரும் பார்க்க அந்தச் சட்டத்தை மீறினார்கள். மூன்று நாளில் அவசரகாலச் சட்டம் வந்தது. இராணுவம் இறங்கியது. தலைவர்கள் பனாகொடை முகாமில் தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்களுள் திருமதி மங்கையர்க்கரசி அமிர்தலிங்கமும் ஒருவர்.

1966 ஒக்ரோபர் 21 இல் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் ஒன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. பொலிசார் தடியடி நடத்தியும் ஊர்வலம் நிற்கவில்லை. அதை நடத்தியவர்கள் இடதுசாரிகள். வேதாகமத்தைக் கையில் எடுக்காதவர்களும் வேதாகமம் சொல்லும் நியாயத்தைச் செய்வதுண்டு.

1984 இல் யாழ்ப்பாணத்து அன்னையர் முன்னணி. பிடித்துக்கொண்டு போன இளைஞர்களை விடுவிக்கக் கேட்டுத் தாய்மார் ஆயிரக்கணக்கில் அரசாங்க அதிபர் அலுவலகத்துக்குப் போனார்கள். அடுப்படியை விட்டு வெளியே வராதவர்கள் என்று நினைக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்தத் தாய்மாரைப் பற்றியும் எழுதியவர் சுண்டுக்குளி மகளிர் கல்லூரியில் படித்த டொக்டர் ராஜினி திரணகம. எந்தப் பக்கத்துத் துவக்காக இருந்தாலும் அது பொதுமக்களுக்குச் செய்ததை எழுதி வைத்தவர். 1989 செப்டெம்பர் 21 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மரியாதையாகப் பேசினால் ஆபத்தில்லை என்று நான் உங்களுக்கு எழுதமாட்டேன். விலை இருக்கிறது. அது எங்களுக்குத் தெரியும்.

இரணைதீவு: வெள்ளைக்கொடி கட்டிய படகுகள்

அண்மைக்காலத்தில் கிறிஸ்தவ மக்கள் நடத்திய சட்ட மறுப்புக்கு நல்ல உதாரணம் கேட்டால் நான் இரணைதீவைச் சொல்வேன். கிளிநொச்சி மாவட்டத்தில், பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த இரட்டைத் தீவு. கடற்தொழில் செய்யும் கத்தோலிக்க மக்கள். 1992 இல் இடம்பெயர்ந்தார்கள். பின்னர் கடற்படை தீவில் இருந்தது. போர் முடிந்தும் குடியிருக்கப் போகமுடியவில்லை. முழங்காவில் பக்கம் இரணைமாதா நகரில் இருந்துகொண்டு, தங்கள் தேவாலயமும் தென்னையும் கிணறும் இருக்கும் தீவைத் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனு எழுதினார்கள். அதிகாரிகளைச் சந்தித்தார்கள். 2017 மே 1 முதல் கரையில் தொடர் போராட்டம் இருந்தார்கள். முன்னுக்கு நின்றவர்கள் பெண்கள். ஒரு வருடத்துக்கு ஒரு வாரம் குறைவு என்ற அளவில், 2018 ஏப்ரல் 23 இல், ஏறத்தாழ நாற்பது படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு, ஒருவரிடமும் அனுமதி கேட்காமல், குருமாரும் கூட வரத் தீவுக்குப் போனார்கள். இறங்கித் தேவாலயத்தில் செபித்தார்கள். எங்கள் ஊருக்கு வந்திருக்கிறோம், இனிப் போகமாட்டோம் என்று சொன்னார்கள். கடற்படையினரோடு சண்டை பிடிக்கவில்லை. கடற்படையினரும் துப்பாக்கி நீட்டவில்லை. மே மாத நடுப்பகுதியில் அதிகாரிகள் வந்து, மக்கள் அங்கே இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். வீடும் பாடசாலையும் வைத்தியமும் ஒரே நாளில் வந்துவிடவில்லை என்பது வேறு கதை. ஆனால் கால் ஊன்றினார்கள்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய போதகர் மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். அவரைக் குறைகூறியவர்கள் வேறு யாருமல்ல, எட்டு மதகுருமார். இது சமயமில்லை, பொறுங்கள் என்றார்கள். அவர்களுக்கு எழுதிய பதிலில் கிங் நான்கு படிகளைச் சொல்கிறார். முதலில் அநியாயம் நடக்கிறதா என்று விபரம் திரட்ட வேண்டும். பிறகு பேச்சுவார்த்தை. பிறகு தங்களைத் தாங்களே ஆயத்தப்படுத்த வேண்டும். அடித்தால் திருப்பி அடிக்காமல் இருப்போமா, சிறைக்குப் போகத் தயாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில்தான் நேரடி நடவடிக்கை. இரணைதீவுப் பெண்கள் அந்தக் கடிதத்தை வாசித்தார்களோ இல்லையோ, நான்கு படியையும் ஒழுங்காக ஏறியிருக்கிறார்கள். படகு கடைசிப் படி. அதற்கு முன்னால் உறுதியும் மனுவும் கூட்டமும் வெயிலில் இருந்த மாதங்களும் இருந்தன.

ரிஸ்பாள் என்ற தாய்

குழுவில் கேட்ட அந்த அம்மாவுக்கு நான் சொன்ன மற்றக் கதை ரிஸ்பாளுடையது. சாமுவேலின் இரண்டாம் புத்தகம், 21 ஆம் அதிகாரம். சவுல் அரசனின் மறுமனையாட்டி. அரசியல் கணக்குத் தீர்ப்பதற்காகச் சவுலின் வம்சத்தில் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். அதில் இருவர் அவளுடைய பிள்ளைகள். உடல்கள் அடக்கம் செய்யப்படாமல் மலையில் கிடந்தன. ரிஸ்பாள் கன்பாறையின் மேல் இரட்டுத் துணியை விரித்து இருந்துவிட்டாள். அறுவடை தொடங்கிய நாள் முதல் மழை பெய்யும் வரை பகலில் பறவையும் இரவில் மிருகமும் அண்டாமல் காவல் இருந்தாள். அவள் பேசியதாக ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. தன்னுடைய இரண்டு பேருக்கு மட்டுமல்ல, ஏழு பேருக்கும் காவல் இருந்தாள்.

செய்தி தாவீது அரசனுக்குப் போனது. அவர் எலும்புகளைச் சேர்த்து, சவுலினதும் யோனத்தானினதும் எலும்புகளையும் எடுப்பித்து, முறைப்படி அடக்கம் செய்வித்தார். அதன் பிறகே தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைக் கடவுள் கேட்டார் என்று அந்த அதிகாரம் முடிகிறது. பிள்ளைகளின் கணக்குத் தீராமல் நாட்டின் கணக்குத் தீராது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் வாசலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் இருக்கத் தொடங்கினார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தொடர்ந்தார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர்களில் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். கோயில் வாசலில் இருந்தவர்களோடு வேதக்காரத் தாய்மாரும் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் ரிஸ்பாளின் பாறையில் இருந்தவர்கள். இது பாவம் என்று சொல்பவர், வேதாகமத்தில் அந்த அதிகாரத்தை எங்கே வைப்பார் என்று யோசிக்கட்டும்.

சபைக்குள்ளும் கேட்கலாமா?

கேட்கலாம். 2016 செப்டெம்பரில் உடுவில் மகளிர் கல்லூரி மாணவிகள் தங்கள் அதிபரின் மாற்றத்தை எதிர்த்துப் போராட்டத்தில் இருந்தார்கள். மாணவிகள் தாக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அதிபர் விஷயத்தில் யார் பக்கம் நியாயம் என்பதில் இந்தப் பகுதியிலேயே இரண்டு கருத்து இருந்தது, அது இருக்கட்டும். பிள்ளைகள் கேள்வி கேட்டால் பெரியவர்கள் கையை ஓங்கலாமா என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. இருநூறு வருடம் பெண்பிள்ளைகளை வாய்திறக்கப் பழக்கிய ஊரில், வாய்திறந்த பிள்ளையைக் கேட்கும் பொறுமையும் பெரியவர்களுக்கு வேண்டும். வீட்டுக்கும் இதே நியாயம்தான்.

எங்களுக்கு உதவும் சில விஷயங்கள்

அமைதியாகக் கூடுவது இலங்கையில் குற்றமில்லை. அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தையும் தருகிறது. ஆகையால் நாங்கள் செய்வதில் பெரும்பாலானவை சட்ட மறுப்பே அல்ல, சட்டம் தந்த உரிமை.

பொலிசார் நீதிமன்றத் தடை இருக்கிறது என்று சொன்னால் பத்திரத்தைக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள். யாருடைய பெயருக்கு, எதற்கு, எத்தனை நாளைக்குத் தடை என்று பாருங்கள். 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணிக்குப் பல இடங்களில் இப்படித் தடை வாங்கப்பட்டது. சைவக் குருமாரும் கிறிஸ்தவக் குருமாரும் முஸ்லிம் மக்களும் தடையைத் தெரிந்துகொண்டே நடந்தார்கள். தெரியாமல் மீறுவது வேறு, விளைவைத் தெரிந்து மீறுவது வேறு. எதைச் செய்கிறோம் என்று புறப்பட முன்னம் வீட்டிலும் குழுவிலும் பேசி முடிவெடுங்கள்.

பெண்ணை உடற்சோதனை செய்வதென்றால் பெண்தான் செய்ய வேண்டும். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். ஆகவே நாளையும் நேரத்தையும் இடத்தையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்திலும் முறையிடலாம்.

அதிகாரியோடு பேசும்போது பெயரைக் கேட்டு, மரியாதை கொடுத்துப் பேசுங்கள். அவருக்கும் வீட்டில் ஒரு தாய் இருப்பாள். தூஷணமும் கல்லும் எங்கள் பக்கத்து நியாயத்தைத்தான் முதலில் காயப்படுத்தும். பயத்தால் வாயை மூடிக்கொண்டு அதற்கு மரியாதை என்று பெயர் வைக்கவும் வேண்டாம்.

மற்றவர்களின் போராட்டத்தையும் பாருங்கள். 2021 மார்ச் 8 இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் நொந்த பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். அவர்கள் பெரும்பாலும் சிங்களப் பெண்கள். கிழமைக் கட்டுப்பணம் கட்ட முடியாமல் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்த அனுபவம் எங்களுக்கும் இருக்கிறது. எங்கள் துன்பம் எங்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்தால் நாங்கள் தனித்துப் போவோம்.

போராட்டத்துக்குப் போக முடியாதவர்களும் இருக்கிறார்கள். நோயாளி, கைக்குழந்தைக்காரி, அரசாங்க உத்தியோகத்தில் பிள்ளை உள்ளவள். அவளைப் பயந்தவள் என்று பேசாதீர்கள். சிப்பிராளும் பூவாளும் ஊர்வலம் போகவில்லை. தங்கள் வேலையிடத்தில் நின்றுகொண்டே இல்லை என்றார்கள். பொய்ச் சாட்சிக்குக் கையெழுத்து வைக்க மறுப்பதும், சாதி பார்த்துத் தேத்தண்ணி கொடுக்கும் வீட்டில் குடிக்க மறுப்பதும், போராட்டத்துக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு ஒரு நேரச் சோறு போடுவதும் அதே வரிசையில் சேரும்.

அந்த அம்மாவுக்குக் கடைசியாக என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். போங்கள் என்றோ போகாதீர்கள் என்றோ நான் சொல்லவில்லை. அது அவருடைய முடிவு. வேதத்தைக் காட்டி யாராவது தடுத்தால் இந்த நான்கு இடத்தையும் திறந்து காட்டுங்கள் என்று யாத்திராகமம், சாமுவேல், யோவான், அப்போஸ்தலர் நடபடிகள் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் குழுவுக்கு வந்தபோது அந்தத் துண்டு அவருடைய வேதாகமத்துக்குள் இருந்தது. சபையில் வாசித்துக் காட்டினாராம். இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்களாம். மூன்று பேர், அடுத்த முறை தாங்களும் கூட வருகிறோம் என்றார்களாம்.